வழியை அடைப்போரும் மானத்தை வாங்குவோரும்

ஜும்ஆவுக்கு இகாமத் சொல்லப்பட்டதும் இமாம் அவர்கள் பின்னால் திரும்பி, ஸஃப்புகளை நேராக்கிக்கொள்ளுங்கள், இடைவெளிகளை நிரப்புங்கள், தோளோடு தோள் சேர்ந்து நில்லுங்கள் என்று நினைவூட்டுகின்றார்கள். செல்வந்தரும் கூலித் தொழிலாளரும் ஒரு நொடியில் ஒரே கோட்டில் நின்றுவிடுகின்றனர். கண்கொள்ளாக் காட்சி அது! ஆனால் அன்பு வாசகர்களே, அதே நேரத்தில் பள்ளிவாசலின் வெளிவாசலுக்கு வந்து தெருவைச் சற்றுப் பாருங்கள். உள்ளே நேராக நிற்கும் அதே மனிதர்களின் வாகனங்கள் வெளியே எப்படி நிற்கின்றன? ஒன்று குறுக்கே, ஒன்று சாய்வாக, மற்றொன்று எதிர்வீட்டுப் படிக்கட்டை முட்டிக்கொண்டு. ஸஃப்பில் இடைவெளி விடலாகாது என்று கற்ற நாம், தெருவிலும் ஓர் ஆள் நுழைய இடம் விடலாகாது என்று விளங்கிக்கொண்டோமோ என ஐயுற வேண்டியிருக்கின்றது.

தொழுகை முடிந்த சற்றைக்கெல்லாம் ஒலிபெருக்கி முழங்கும்: இன்ன எண்ணுள்ள வெள்ளை நிறக் காரின் உரிமையாளர் உடனே வெளியே வரவும்! இது நெடுநாளைய வழக்கம். அண்மைக் காலத்தில் இதனுடன் இன்னொன்றும் சேர்ந்துவிட்டது. யாரோ ஒருவர் கைபேசியை உயர்த்துகின்றார். எண் பலகை தெளிவாகத் தெரியும்படி படம் எடுக்கின்றார். அடுத்த நிமிடம் அப்படம் முஹல்லாவின் வாட்ஸ்அப் குழுவில் ஏறுகின்றது. கீழே ஒரு நையாண்டி வாசகம். அதற்குக் கீழே கைதட்டும் பொம்மைகள். அஸர் தொழுகைக்குள் அது கடல் கடந்துவிடுகின்றது.

வழியை அடைத்தவர் செய்தது பிழை. இதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. அவருடைய மானத்தைச் சந்தியில் நிறுத்தியவர் செய்தது என்ன? நன்மையை ஏவும் கடமையா, அல்லது மற்றொரு பிழையா? இதனைச் சற்று நிதானித்துச் சிந்திக்கவே உங்களை அழைக்கின்றேன்.

வழிக்கும் உரிமை உண்டு

பாதைகளில் அமர்வதை எச்சரித்த அண்ணல் நபி (ஸல்) அவர்கள், அமர்ந்தே தீரவேண்டுமாயின் பாதைக்குரிய உரிமையைக் கொடுத்துவிடுங்கள் என்று பணித்ததையும், அவ்வுரிமைகளுள் ஒன்றாகப் பிறருக்குத் துன்பம் தராதிருத்தலைக் கூறியதையும் குத்பாக்களில் அடிக்கடி செவியுற்றிருப்பீர்கள். ஆனால் அபூதாவூத் நூலில் முஆத் இப்னு அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக வரும் நிகழ்ச்சியை நம்மில் பலர் கேட்டிருக்கமாட்டோம். ஒரு படைப்பயணத்தில் மக்கள் தங்குமிடங்களை நெருக்கிப் பிடித்துக்கொண்டு பாதையையும் அடைத்துவிட்டனர். செய்தி பெருமானாருக்கு எட்டியது. உடனே ஓர் அறிவிப்பாளரை அனுப்பினார்கள். தங்குமிடத்தை நெருக்கியவருக்கும் வழியை அடைத்தவருக்கும் ஜிஹாதின் நன்மை இல்லை என்பதே அவர் உரக்கக் கூறி வந்த அறிவிப்பு.

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு புறப்பட்டவருக்கே இந்நிலை என்றால், அரை மணி நேரத் தொழுகைக்கு வந்தவர் எம்மாத்திரம்? வழியை அடைத்து வண்டியை நிறுத்தியவரின் ஜும்ஆ கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லும் அதிகாரமும் எனக்கில்லை. தொழுகை கூடும். அதன் நன்மையில் எவ்வளவு அவர் கையில் மிஞ்சும் என்பதே வினா. தொழுகையும் நோன்பும் ஸகாத்துமாக மறுமைக்கு வந்தும், பிறருக்கிழைத்த தீங்குக்கு ஈடாக அவற்றையெல்லாம் இழந்து நிற்கும் வக்கற்றவனைப் பற்றி ஸஹீஹ் முஸ்லிமில் வரும் நபிமொழியை இங்கே நினைவில் கொள்ளுங்கள்.

இரவில் ஓய்வுக்காக இறங்கும் பயணி பாதையைவிட்டு ஒதுங்கித் தங்கவேண்டும். ஏனெனில் அது கால்நடைகள் செல்லும் வழி, இரவில் ஊர்வனவற்றின் ஒதுங்கிடம் என்றும் முஸ்லிமில் ஓர் அறிவிப்பு உண்டு. ஒட்டகத்தை எங்கே படுக்கவைப்பது என்பதைக்கூட நம் மார்க்கம் விட்டுவைக்கவில்லை!

ஷாஃபிஈ மத்ஹபினர் ஓதும் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' 13ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. அதில் ஸுல்ஹ் பாடத்தைத் திறந்து பாருங்கள். பொதுத் தெருவில் நடப்போருக்கு இடையூறு தரும் எதையும் செய்யலாகாது. வீட்டிலிருந்து தெருப்பக்கம் தாழ்வாரம் நீட்டுவதாயின் நிமிர்ந்து நடப்பவர் தலை இடியாத உயரத்தில் நீட்டவேண்டும். குதிரை வீரர்களும் வணிகக் கூட்டங்களும் செல்லும் தெருவாயின், ஒட்டகத்தின் மேலுள்ள பல்லக்கு தன் கூரைக் கட்டைகளோடு தடையின்றிச் செல்லும் அளவு உயர்த்தவேண்டும். தெருவில் திண்ணை கட்டுதல் கூடாது என்றெல்லாம் அளந்து சொல்லப்பட்டிருக்கின்றது. இதே நூல் மற்றோரிடத்தில், தெருவின் அடிப்படைப் பயன் கடந்து செல்வதே என்று கூறி, நடப்போருக்கு நெருக்கடி ஏற்படாதவரை அங்கே அமர்ந்து இளைப்பாறவும் வாணிபம் செய்யவும் இடமளிக்கின்றது. நிற்பது சலுகை, கடப்பது உரிமை. கார் என்பதையே கண்டிராத காலத்தில் எழுதப்பட்ட இவ்வரிகளில் இன்றைய வாகன நிறுத்தச் சட்டம் முழுவதும் அடங்கியிருக்கக் காண்கின்றோம்.

ஒரு சிறு கணக்கும் போட்டுப் பாருங்கள். பாதை குறித்துத் தகராறு எழுந்தால் ஏழு முழம் விடவேண்டும் என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள நபிவழித் தீர்ப்பு. ஏழு முழம் என்பது ஏறத்தாழப் பத்தரை அடி. நம் பழைய முஹல்லாக்களின் தெருக்கள் பலவும் ஏறக்குறைய இந்த அகலந்தான். ஐந்தரை அடி அகலமுள்ள ஒரு கார் சுவரை ஒட்டி நின்றாலும் மீதமுள்ளது ஐந்தடி. ஆட்டோ உரசிக்கொண்டு போய்விடும். 108 ஆம்புலன்ஸின் அகலமோ ஆறடிக்கு மேல்! ஜனாஸாவைச் சுமந்து நால்வர் இருபுறமும் நடக்கவும் அந்த ஐந்தடி போதாது.

நாட்டின் சட்டமும் இதையே சொல்கின்றது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 122ஆம் பிரிவு, பிறருக்கு ஆபத்தோ இடையூறோ நேரும்படி வாகனத்தை விட்டுச்செல்வதைத் தடுக்கின்றது. நிறுத்தக்கூடாத இடத்தில் நிற்கும் வாகனத்தை இழுத்துச் செல்லும் அதிகாரத்தை 127ஆம் பிரிவு காவல்துறைக்குத் தருகின்றது. நடைபாதையிலும் பிறர் வீட்டு வாயிலை மறித்தும் நிறுத்தலாகாது என்பது 2017ஆம் ஆண்டின் ஓட்டுநர் விதிகளில் உள்ளது. வெள்ளிக்கிழமைக்கென்று இவற்றில் விதிவிலக்கு எதுவும் இல்லை. மார்க்கத்திலும் இல்லை.

ஓர் எதிர்வீட்டின் கதை

நானறிந்த ஒரு முஹல்லாவில் பள்ளிவாசலுக்கு எதிரே ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் தம் கணவருடன் வசிக்கின்றார். அவர்கள் முஸ்லிம்கள் அல்லர். அத்தெருவின் பிள்ளைகள் பலருக்கு எழுத்தறிவித்தவர் அந்த அம்மையார். சிறுநீரகங்கள் செயலிழந்ததால் திங்கள், புதன், வெள்ளி என வாரம் மும்முறை இரத்தச் சுத்திகரிப்புக்கு, அதாவது டயாலிசிஸுக்குச் செல்லவேண்டும். வெள்ளியன்று அவருக்குக் கிடைத்த நேரம் பிற்பகல் இரண்டு மணி. ஒன்றே காலுக்கு வாடகைக் கார் வாசலுக்கு வந்தாகவேண்டும்.

ஒரு வெள்ளியன்று அவ்வீட்டு வாயிலை மறித்து ஒரு கார் நின்றது. கணவர் பள்ளிவாசலின் கேட்டருகே வந்து, "பாய், டயாலிசிஸுக்கு நேரமாச்சு. அந்தக் காரைக் கொஞ்சம் எடுக்கச் சொல்லுங்க" என்றார். "தொழுகை முடியட்டும் சார், இதோ சொல்லிடறோம்" என்று பதில் கிடைத்தது. அன்று தாமதமாகவே மருத்துவமனை சென்றனர். அடுத்த வாரம் வேறொரு கார், அதே பதில். மூன்றாம் வாரம் அவர் எவரிடமும் எதுவும் கேட்கவில்லை. மனைவியின் மருத்துவக் கோப்பைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

தாமதமாக வந்த இளைஞர் ஒருவர் இதைக் கண்டார். அவர் உள்ளம் கொதித்தது. அந்தக் கொதிப்பை நான் குறை கூறமாட்டேன். நம்மால் நம் சமுதாயத்திற்கு இழுக்கு வருகின்றதே என்று எண்ணினார். உள்ளே சென்று சொல்வதற்குப் பதிலாகக் காரைப் படம் பிடித்து மூன்று குழுக்களுக்கு அனுப்பினார். மனிதநேயம் அற்றவர் தொழுது என்ன பயன் என்று ஒரு வாசகத்தையும் சேர்த்தார். அவர் படம் பிடித்து, வாசகம் எழுதி, அனுப்பி முடித்தபோதும் கார் அங்கேயேதான் நின்றது!

பின்னர் நடந்ததைக் கேளுங்கள். அந்தக் கார் அவருடைய மகன் பெயரில் பதிவானது. மகன் தம்மாமில் பணிபுரிகின்றார். மாலைக்குள் அவருக்குத் தொலைபேசி அழைப்புகள் குவிந்தன. காரைக் கொண்டுவந்து நிறுத்தியவர் அறுபது வயதைக் கடந்த தந்தை. முந்திய இரு வாரங்களும் நின்றவை வேறு கார்கள். மூவாரப் பழியும் அவர் ஒருவர் தலையில் இறங்கியது. எவரோ அப்படத்தை முகநூலில் ஏற்ற, ஊர் பேர் தெரியாதவர்கள் வந்து அந்த மனிதரை விட்டுவிட்டு இஸ்லாத்தையும் முஸ்லிம்களையும் ஏசத் தொடங்கினர். இழுக்கைத் துடைக்கப் புறப்பட்ட இளைஞரின் கையாலேயே இழுக்குப் பரவிற்று.

அன்று அஸருக்குப் பின் அப்பெரியவர் எதிர்வீட்டுக்குச் சென்று, அம்மையார் மருத்துவமனையிலிருந்து திரும்பும்வரை திண்ணையில் காத்திருந்து மன்னிப்புக் கேட்டார். அவர்களும் மன்னித்தனர், தேநீர் கொடுத்தனர். அதை எவரும் படம் பிடிக்கவில்லை. எந்தக் குழுவிலும் அது வரவில்லை. அதற்கடுத்த ஜும்ஆவிலிருந்து அவர் வேறு பள்ளிவாசலுக்குச் செல்கின்றார்.

இந்நிகழ்ச்சியில் மிகப்பெரிய குற்றம் யாருடையது என்று என்னைக் கேட்டால், காரை நிறுத்தியவரையும் சொல்லமாட்டேன், படம் எடுத்தவரையும் சொல்லமாட்டேன். "தொழுகை முடியட்டும்" என்ற அந்தப் பதிலைத்தான் சொல்வேன்.

குத்பாவை நிறுத்தலாகாதா என்று கேட்பீர்கள். நபி (ஸல்) அவர்கள் குத்பா நிகழ்த்திக்கொண்டிருந்தபோது ஒருவர் மக்களின் பிடரிகளைத் தாண்டிக்கொண்டு முன்னே வந்தார். பெருமானார் (ஸல்) குத்பாவினிடையே அவரை நோக்கி, அமருமாறும், அவர் பிறருக்குத் துன்பம் தந்துவிட்டதாகவும் கூறினார்கள். இதுவும் அபூதாவூதில் உள்ளது. பள்ளிக்குள் பிடரியைத் தாண்டுவதே குத்பாவை இடைநிறுத்தும் அளவுக்குத் துன்பமென்றால், வெளியே ஒரு நோயாளியின் வழியை மறிப்பது? ஒலிபெருக்கியில் ஓர் எண்ணை அறிவிக்க அரை நிமிடம் ஆகுமா?

எவருக்கு வாய் திறக்க உரிமை?

இனி, அம்பலப்படுத்துதல் பற்றி. கூடவே கூடாது என்று ஒரே வரியில் முடித்துவிட என்னால் இயலவில்லை. ஏனெனில் நபிவழியில் அதற்கு மாறான ஒரு சான்று உண்டு. ஒரு தோழர் தம் அண்டைவீட்டாரின் தொல்லையை முறையிட்டார். பொறுமையாக இருக்கும்படி நபி (ஸல்) அவர்கள் கூறியனுப்பினார்கள். இரண்டு மூன்று முறை இவ்வாறே வந்தார். பின்னர், வீட்டுப் பொருட்களைத் தெருவில் எடுத்துப் போடும்படி பணித்தார்கள். அவரும் அப்படியே செய்தார். போவோர் வருவோர் காரணம் கேட்டனர், அவர் சொன்னார், மக்கள் அந்த அண்டைவீட்டாரைச் சபித்தனர். உடனே அவர் ஓடிவந்து, வீட்டுக்குத் திரும்பும்படியும், இனி வெறுக்கத்தக்க எதையும் தம்மிடம் காணமாட்டீர் என்றும் வேண்டிக்கொண்டார். இதனையும் அபூதாவூத் பதிவு செய்துள்ளார்கள்.

படம் பிடிப்போர் இதனை ஆதாரமாகக் காட்டக்கூடும். காட்டட்டும், ஆனால் முழுமையாகக் காட்டவேண்டும். தெருவில் நின்றவர் பாதிக்கப்பட்டவர். வேடிக்கை பார்த்தவர் அல்லர். இரண்டு மூன்று முறை பொறுத்த பின்னரே அவ்வழி காட்டப்பட்டது. எடுத்துப் போட்டது தம் சொந்தப் பொருட்களை. அண்டைவீட்டாரின் மானத்தை அன்று. கேட்டவர்களோ அத்தெருவில் செல்வோர், இருவரையும் அறியத்தக்கவர். அவர் திருந்தியதும் பொருட்கள் உள்ளே சென்றன. பேச்சும் அத்துடன் நின்றது.

அந்நிஸா அத்தியாயத்தின் 148ஆம் வசனமும் இதையே உறுதி செய்கின்றது. தீய சொல்லைப் பகிரங்கமாகப் பேசுவதை அல்லாஹ் விரும்புவதில்லை. அநீதிக்குள்ளானவர் அதற்கு விலக்கு. ஆம், விலக்கு அநீதிக்குள்ளானவருக்கு மட்டுமே! அந்த ஆசிரியையின் கணவர் தெருவில் நின்று கத்தியிருந்தாலும் எவரும் அவரைக் குறை சொல்லியிருக்க முடியாது. அவரோ வாய் திறக்கவில்லை. உரிமையற்றவர் ஊரெல்லாம் பேசினார்.

கல்லூரியில் நான் வரலாறு படித்த நாட்களில், இங்கிலாந்தில் குற்றவாளியின் கழுத்தையும் கைகளையும் மரச்சட்டத்தில் பிணைத்துச் சந்தைச் சதுக்கத்தில் நிறுத்திய தண்டனையைப் பற்றி வாசித்ததுண்டு. 1837இல் அதனை அவர்களே ஒழித்துவிட்டனர். நம் நாட்டிலும் கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றிய கதைகள் உண்டு. அக்கொடுமைகளுக்கும் ஒரு முடிவு இருந்தது. பொழுது சாய்ந்தால் சட்டத்தை அவிழ்ப்பார்கள், கழுதையிலிருந்து இறக்குவார்கள். கைபேசியில் ஏறிய படத்தை இறக்குவோர் யார்? பெரியவர் மன்னிப்புக் கேட்டுவிட்டார். அல்லாஹ்வும் மன்னித்திருப்பான் என நம்புகின்றோம். படம் மட்டும் மன்னிக்காமல் சுற்றிக்கொண்டிருக்கின்றது.

எண் பலகை ஆளைக் காட்டாது என்பதையும் மறவாதீர்கள். விற்ற பின்னும் பெயர் மாற்றப்படாத வண்டிகள் நம்மூர்களில் எத்தனை! மைத்துனரின் வண்டியை இரவல் வாங்கி வந்தவர், மணமகனின் காரை ஓட்டி வந்த நண்பர், வாடகை வண்டியின் ஓட்டுநர் என எவரோ செய்த பிழை வேறெவரோ தலையில் விடிகின்றது. துருவி ஆராய்வதையும் பழித்துப் பெயர் சூட்டுவதையும் தடுக்கும் அல்ஹுஜுராத் அத்தியாயம் இதற்காகவும்தான் இறங்கியதோ என்று எண்ணத் தோன்றுகின்றது.

2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி அவர்கள், தவறாக நிறுத்தப்பட்ட வாகனத்தைப் படமெடுத்து அனுப்புவோருக்கு, 1,000 ரூபாய் அபராதமாயின் 500 ரூபாய் பரிசு தரும் சட்டமொன்றைக் கொண்டுவரப்போவதாகப் பேசினார். பரிசு பற்றி எனக்குத் தயக்கமுண்டு. பிறர் குற்றம் வருமானமாகிவிட்டால் கண்கள் குற்றத்தையே தேடத் தொடங்கும். ஆயினும் அதிகாரிக்குப் படம் அனுப்புவது வேறு, ஆயிரம் பேருக்கு அனுப்புவது வேறு. முன்னது முறையீடு. அதனைப் பெறுபவர் விசாரிக்கக் கடமைப்பட்டவர். தீர்ப்பளித்ததும் வழக்கு முடியும். சொல்லியும் கேளாமல் வாரந்தோறும் ஒருவர் வழியை மறிப்பாராயின், காவல்துறையிடம் முறையிட நான் தடை சொல்லமாட்டேன். அவர் ஜமாஅத்தின் தலைவராயிருந்தாலும் சரியே.

அறிவிப்பாளரை அனுப்பிய நபிவழிக்கு மீண்டும் வாருங்கள். பாதையை அடைத்தவர் இன்னார் என்று எவர் பெயரும் அங்கே கூவப்படவில்லை. செயல் கண்டிக்கப்பட்டது; செய்தவர் மறைக்கப்பட்டார்; வழி திறந்தது. வண்டியின் எண்ணை மட்டும் கூறி அழைக்கும் நம் பள்ளிவாசல் அறிவிப்பு இதற்கு நெருக்கமானதே. ஆனால் எண்ணைச் சொன்ன கையோடு, 'அறிவிருக்கிறதா' என்று ஒலிபெருக்கியிலேயே வசை பாடும் சிலரையும் கேட்கின்றோம். அவ்வசை எதிர்வீட்டுக்கும் கேட்கின்றது.

செய்யத்தக்கவை

நெருக்கடிக்கு முதற்காரணம் இடப்பற்றாக்குறை என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, முதற்காரணம் தாமதம். ஜும்ஆவுக்கு முதலில் வருபவர் ஒட்டகம் கொடுத்தவர் போலவும், பின்னர் மாடு, ஆடு, கோழி எனக் குறைந்து, கடைசியில் முட்டை கொடுத்தவர் போலவும் நன்மை பெறுவதை அறிவீர்கள். ஒட்டகத்துக்குரியவர் நிதானமாக இடம் பார்த்து நிறுத்துகின்றார். முட்டையையும் தவறவிட்டவர்தான் இமாம் மிம்பரில் ஏறிய பின் விரைந்து வந்து, கிடைத்த இடத்தில் வண்டியைப் போட்டுவிட்டு ஓடுகின்றார்!

ஒரு கார் நிற்கும் இடத்தில் நான்கைந்து இருசக்கர வாகனங்கள் நிற்கும். நடந்து வரக்கூடிய தொலைவில் உள்ளோர் காரை வீட்டிலேயே விட்டுவிடலாம். எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் நன்மை உண்டு. நெருக்கி நிறுத்தும்போது ஹேண்டில் பூட்டைப் போடாதிருந்தால் மற்றவர் நகர்த்திக்கொள்ள முடியும். மலேசியாவில் வெள்ளிக்கிழமைகளில் ஒரு காரை மறித்து மற்றொரு காரை நிறுத்த நேர்ந்தால், முன்கண்ணாடியில் தம் தொலைபேசி எண்ணை எழுதி வைத்துச் செல்லும் வழக்கம் பரவலாக உண்டு. அங்கிருந்து திரும்பிய நம்மவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் தொழும்போது கைபேசி அணைந்திருக்கும். ஆகவே, வீட்டு வாயில்களுக்கு அது மருந்தாகாது. வாயில்களின் முன்னே சுண்ணாம்புக் கோடு போட்டு, அங்கு எவ்வாகனமும் நிற்காதபடி ஜமாஅத் பார்த்துக்கொள்ளவேண்டும். ஜும்ஆ கடமையாகாத மாற்றுமதச் சகோதரர் ஒருவரைக் கூலி கொடுத்து அந்த ஒரு மணி நேரத்துக்குக் காவலுக்கு அமர்த்துவது பல ஊர்களுக்கும் இயலக்கூடியதே. நிகாஹ் நடைபெறும் நாட்களில் மண்டபத்துத் தெருவுக்கும் இதே ஏற்பாடு வேண்டும். அழைப்பிதழ் கொடுக்கச் செல்லும்போதே அத்தெருவின் அண்டைவீடுகளில் எவரேனும் நோயாளி உண்டா என்று நம் வீட்டுப் பெண்கள் விசாரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நான் சொன்ன அந்த முஹல்லாவில் இப்போது எதிர்வீட்டு வாயிலின் முன்னே வெள்ளிதோறும் பதினோரு மணிக்கே இரண்டு நாற்காலிகள் போடப்படுகின்றன. வாடகைக் கார் வந்ததும் மோதினாரின் மகன் அவற்றை எடுத்துவிடுகின்றான். பெரியவரை அழைத்துவர ஜமாஅத்தார் எவரும் இன்னமும் அவர் வீட்டுக்குச் செல்லவில்லை.